அலுவல் இல்லாமல் கொழும்புக்கு

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கொழும்புக்குப் புறப்படுகிறார் என்றால் அயலவர் கேட்கும் முதற்கேள்வி, "என்ன அலுவல்?" என்பதேயாகும். கடவுச்சீட்டு எடுக்க, தூதரகத்தில் முகங்காட்ட, மகரகம வைத்தியசாலைக்கு நோயாளியை அழைத்துச் செல்ல, கட்டுநாயக்காவில் விமானம் ஏறுபவரை வழியனுப்ப, ஓய்வூதியக் கடிதமொன்றின் கதியை விசாரிக்க, இவ்வாறு ஏதாவதொரு காரணம் கையில் இல்லாமல் எம்மவர் கொழும்பு மண்ணை மிதித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே, நாமும் எமது தமக்கையாரும் ஓர் இரவு தங்கிவர மாத்திரம் கொழும்புக்குப் போகிறோம், அலுவல் ஒன்றும் இல்லை என்று சொன்னபோது அதனை ஒருவரும் நம்பவில்லை. காணி விற்கப் போகிறார்கள் என்று ஒரு சாராரும், யாருக்கோ கலியாணம் பேசப் போகிறார்கள் என்று மற்றொரு சாராரும் முடிவுகட்டிக்கொண்டனர்.

மணமாகித் தனித்தனிக் குடும்பமாகிவிட்ட உடன்பிறந்தார் எங்கே சந்திக்கின்றனர்? கலியாண வீட்டிலும் மரண வீட்டிலுமே. கலியாண வீட்டில் தமக்கை அடுப்படியில் நிற்பார். தம்பி பந்தியைக் கவனிப்பான். மரண வீட்டிலோ வந்தவர்க்கு முகங்கொடுப்பதில் பொழுது போய்விடும். "பிள்ளைகள் சுகமோ? நீ மெலிந்துவிட்டாய்" என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசுமுன் யாராவது ஒருவர் கோப்பித் தட்டோடு நடுவே புகுந்துவிடுவார். எமது தமக்கையார் மட்டக்களப்பிலே வாழ்க்கைப்பட்டவர். எம்மிலும் ஏழு வயது மூத்தவர். தந்தையாரும் தாயாரும் காலமாகிவிட்டனர். பெற்றோர் எமக்கு முன்னே போய்விடுகின்றனர். மனைவி மக்கள் நடுவழியில் வந்து சேர்கின்றனர். தொட்டிலில் எம்மைக் கண்டவர், நரை விழும்போதும் எம்மைக் காண்பவர், உடன்பிறந்தவர் ஒருவரே. அவருடன் இருபது வருடங்களாக ஒரு மணிநேரம் தொடர்ந்து பேசவில்லை என்பது எமக்கே வியப்பாயிருந்தது.

புறப்படுமுன் தொலைபேசியிற் சில நிபந்தனைகளை வகுத்துக்கொண்டோம். உறவினர் வீட்டில் தங்கலாகாது என்பது முதலாவது. வெள்ளவத்தையில் எமக்கு உறவினர் வீடுகள் நான்கு உண்டு. ஒன்றில் தங்கினால் மற்றை மூன்றிலும் மனத்தாங்கல் உண்டாகும், ஒன்றிலுமே தங்காவிட்டால் நால்வரும் ஒற்றுமையாக எம்மைத் திட்டுவார்கள் என்று தமக்கையார் கணக்கிட்டுச் சொன்னார். சேலைக் கடைப் பட்டியலும் நகைக் கடைப் பட்டியலும் வீட்டிலேயே கிடக்க வேண்டும். வாழ்க்கைத் துணைவரும் பிள்ளைகளும் வருதல் கூடாது. இதற்கு அத்தான் உடனே சம்மதித்தார். அவ்வளவு விரைவாகச் சம்மதித்ததையிட்டுத் தமக்கையாருக்குச் சிறிது மனவருத்தம்.

வடக்கில் ஒருவரும் கிழக்கில் ஒருவருமாக வாழ்வோருக்குக் கொழும்பு ஒரு பொதுவிடம். இருவரும் தத்தம் ஊரில் இரவு வண்டி ஏறி, சனிக்கிழமை காலை கோட்டைப் புகையிரத நிலையத்திற் சந்தித்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். போர் காரணமாக 1990ஆம் ஆண்டில் நின்றுபோன புகையிரத சேவை 2014ஆம் ஆண்டு ஒக்டோபரிலேதான் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது. இருபத்துநான்கு வருடங்கள் புகைவண்டியையே காணாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. எமது மாணாக்கருட் பலர் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த வெறும் பாதையாகவே அறிந்திருந்தனர்.

கோட்டையில் இறங்கியவர்கள் முச்சக்கரவண்டி தேடி ஓடாமல், கரையோரப் பாதையில் தெற்கே செல்லும் வண்டி ஒன்றில் ஏறிக்கொள்வதே உத்தமம். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று நிலையங்கள் வரிசையாக வரும். வலப்பக்கத்து யன்னலோரம் கிடைத்துவிட்டால் கடல் உடன்வரும். அலை உயரும் பருவத்தில் உப்புத்துளி முகத்தில் தெறிப்பதும் உண்டு. ஐம்பதைத் தாண்டிய தமக்கையார் யன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு வந்தார். எட்டு வயதில் அவ்வாறு நீட்டியதற்கு அப்பாவிடம் அடி வாங்கினாராம்.

ஆம், எட்டு வயதுவரை அவர் வெள்ளவத்தைப் பிள்ளை. எமது தந்தையார் அரசாங்கத் திணைக்களம் ஒன்றிலே எழுதுவினைஞராயிருந்தவர். வெள்ளவத்தை என்னும் பெயர் சிங்களத்தில் மணற்றோட்டம் என்று பொருள்படும். வடக்கே ஒரு வாய்க்கால், தெற்கே தெஹிவளை, மேற்கே கடல். நடுவே காலி வீதி. அவ்வீதியிலிருந்து கடலை நோக்கி ஒழுங்கைகள் சீப்பின் பற்களைப்போல் இறங்குகின்றன. ஒருகாலத்தில் பெரியதொரு நூற்பு நெசவு ஆலையால் இவ்விடம் பெயர் பெற்றிருந்தது. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து வாலிபர் அரசாங்க உத்தியோகம் தேடித் தெற்கே வந்தபோது, இவ்வொழுங்கைகளிலேதான் நால்வர் ஐவராகக் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரன் ஒருவனை அமர்த்தி வாழ்ந்தனர். அதற்குச் 'சம்மறி' என்று பெயர். அங்கிருந்து மாதந்தோறும் சென்ற மணியோடர்களால் எத்தனை தங்கைமாருக்குக் கலியாணம் நடந்தது, எத்தனை ஓலை வீடுகள் ஓட்டு வீடுகளாயின என்பதை எமது கிராமங்களைக் கேட்டால் தெரியும்.

அந்த உத்தியோகத்தருக்கென்றே வந்ததுபோல் 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டின் நடுப்பகுதியிலே சிங்களம் மட்டும் சட்டமும் வந்தது. ஊருக்குப் போய்வர வண்டி கிடைத்த வருடத்திலேயே உத்தியோகத்தின் வேர் ஆடத் தொடங்கியமை காலத்தின் விளையாட்டுத்தான். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது கொழும்பிலிருந்து அகதிகள் கப்பலில் வடக்கே அனுப்பப்பட்டனர். எனினும் திரும்பி வந்தனர். எமது தந்தையாரும் பின்னர் சம்மறியை விட்டு, மணமுடித்து, ஓர் ஒழுங்கையிலே வீடெடுத்துக் குடியிருந்தார்.

அந்த வீட்டைப் பார்க்கவேண்டும் என்றோம். புகையிரதப் பாதையிலிருந்து ஏறிவரும்போது இடக்கைப் பக்கம் நாலாவது படலை என்பதே தமக்கையாரிடமிருந்த அடையாளம். எண்ணிக்கொண்டு நடந்தோம். நாலாவது படலை இருக்கவேண்டிய இடத்தில் தொடர்மாடிக் கட்டடம் ஒன்று ஓங்கி நின்றது. வெளிநாட்டுப் பணமும் உள்நாட்டு இடநெருக்கடியும் சேர்ந்து வெள்ளவத்தையை மேல்நோக்கி வளர்த்துவிட்டன. முன்பு ஒரு குடும்பம் வாழ்ந்த நிலத்தில் இன்று முப்பது குடும்பங்கள். காவலாளி வந்து யாரைப் பார்க்கவேண்டும் என்று சிங்களத்தில் விசாரித்தார். ஒருவரையும் அல்ல என்று தமக்கையார் மறுமொழி சொன்னார். குழந்தைப்பருவச் சிங்களம் அவர் நாவிலே தடையின்றி வந்ததைக் கேட்டு நாம் அதிசயித்தோம். அந்த மனிதர் ஏதோ விளங்கிக்கொண்டவர்போல் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து நிழலில் வைத்தார்.

பகற்பொழுதை மெல்லக் கழித்தோம். கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. 57ஆம் ஒழுங்கையிலுள்ள அதன் நூலகத்தில் பழைய புத்தகங்களின் வாசனையோடு ஒரு மணிநேரம் இருந்தோம். சைவ உணவகம் ஒன்றிற் சாப்பிட்டோம். பக்கத்து மேசையில் விடுமுறைக்கு வந்த குடும்பம் ஒன்று. பாட்டி தமிழிலும் பேரன் பிரெஞ்சிலும் தோசையைப் பற்றி வாதித்துக்கொண்டிருந்தனர். மாலையிலே காலிமுகத்திடலையும் எட்டிப் பார்த்தோம். 1859ஆம் ஆண்டில் ஆளுநர் ஹென்றி வார்ட் அந்த நடைபாதையை முடித்து, கொழும்பு மாநகரின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதனைப் பேணுமாறு பின்வருவோரை வேண்டிக் கல் நாட்டினார். அங்கேதான் 1956ஆம் ஆண்டில் மொழிச் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்தோர் தாக்கப்பட்டனர். 2022ஆம் ஆண்டில் ஆட்சியை எதிர்த்துக் கூடாரமிட்டவர்களும் அங்கேதான் இருந்தனர். இறால்வடை வண்டிகளுக்கு எல்லா ஆட்சியும் ஒன்றுதான்.

விடுதி அறையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, கடலைப் பாதி மறைக்கும் ஒரு சுவர். வாடகையை இங்கே எழுதுவதிற் பயனில்லை; இன்று எழுதினால் அடுத்த ஞாயிறு அது பொய்யாகிவிடும். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த இளைஞர், "அக்காவும் தம்பியுமா? சும்மா பார்க்க வந்தீர்களா?" என்று மறுபடியும் மறுபடியும் கேட்டார். பாவம், அவருடைய ஏட்டிலே 'வந்த காரணம்' என்றொரு கட்டம் இருந்தது.

இரவு பத்து மணிக்குமேல் விளக்கை அணைத்தோம். உடன்பிறந்தாருடைய பேச்சு அதன் பின்னரே தொடங்குகிறது. ஒரே பாயிற் படுத்து வளர்ந்தவர்களுக்கு இருளிற் பேசிப் பழக்கம்; முகத்தைப் பார்த்தால் வராத சொல், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும்போது வரும். சிறிது நேரம் ஊர்க்கதை பேசினோம். பின்பு திடீரென்று, "தம்பி, உனக்கு ரின்பால் ஏன் பிடிக்காது தெரியுமோ?" என்று கேட்டார்.

எமக்குப் பிடிக்காதுதான். காலையிலே தேநீர்க் கடையில் வெறுந்தேநீர் கேட்டதை அவர் கவனித்திருக்கிறார். அது நாவின் குணம் என்றே நாம் இதுவரை எண்ணியிருந்தோம்.

1983ஆம் ஆண்டு ஜூலை 25ஆந் திகதி திங்கட்கிழமை. முதல்நாள் இரவு பொரளையில் மூண்ட தீ, அன்று பகல் வெள்ளவத்தைக்கு வந்தது. தந்தையார் காலையிலேயே கந்தோருக்குப் போய்விட்டார். தாயாரையும் தமக்கையாரையும் ஒன்றரை வயதுக் குழந்தையாகிய எம்மையும் அடுத்த வீட்டுச் சிங்கள அம்மையார் மதிலால் ஏற்றி எடுத்துத் தமது பின்னறையில் மறைத்தார். ஒழுங்கையிலே கூட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தை அழத் தொடங்கியது. அந்த அம்மையார் ரின்பாலைக் கரண்டி கரண்டியாக ஊட்டினார். அது தீர்ந்ததும் மீண்டும் அழுகை. வாசலில் ஆட்கள் நின்று அம்மையாரோடு பேசும் குரல் கேட்டது. தாயார் நடுங்கிக்கொண்டிருந்தார். குழந்தை இருந்ததோ தமக்கையாரின் மடியில்.

"உன்ர வாயை நான் கையால பொத்திக்கொண்டு இருந்தனான். கையை எடுத்தால் அழுதிடுவாயோ எண்டு ஒரு பயம். எடுக்காட்டில் மூச்சு நிண்டிடுமோ எண்டு இன்னொரு பயம். எவ்வளவு நேரம் எண்டு எனக்குத் தெரியேல்லை. அவங்கள் போன பிறகு கையை எடுத்தன். நீ அழேல்லை, தம்பி. கொஞ்ச நேரம் நீ ஒண்டுமே செய்யேல்லை."

எட்டு வயதுப் பிள்ளை. நாற்பது வருடங்களுக்கு மேலாக இதனை எவரிடமும் அவர் சொன்னதில்லை, அத்தானிடமும் இல்லை. காரணத்தைக் கேட்டோம். "உன்ர சங்கதி. உனக்கல்லோ முதலிலை சொல்ல வேணும்," என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்பதற்கு நாம் துணியவில்லை. கலியாண வீட்டுப் பந்தியிலா அவர் அதனைச் சொல்லியிருக்க முடியும்?

"மூச்சு நிற்கவில்லையே, அக்கா. வகுப்பிலே நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசுகிறேன்," என்றோம். இருளிலே அவர் சிரித்த சத்தம் கேட்டது. பின்பு சிரிப்பல்லாத வேறொரு சத்தமும் கேட்டது. கடற்கரைப் பாதையில் வண்டி ஒன்று போய் மறையும்வரை இருவரும் பேசாதிருந்தோம்.

எமது வீட்டில் அந்த நாட்களைப் பற்றி வழங்கிய வரலாறு ஒரே வசனத்துள் அடங்கும்: "எண்பத்துமூன்றில் கப்பலில் வந்தோம்." பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமிற் கழிந்த நாட்களும், அங்கே தந்தையார் உயிரோடு வந்து சேர்ந்த இரவும், காங்கேசன்துறைக்குச் சென்ற கப்பலின் தட்டிலே விரித்த சேலையும் அந்த ஒரு வசனத்துக்குள் மூடப்பட்டுக் கிடந்தன. ஈழத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரமாயிரத்தில் இத்தகைய ஒற்றை வசனங்கள் உண்டு. பெற்றோர் பிள்ளைகளைக் காப்பதற்காகச் சுருக்கிவிடுகின்றனர். சுருக்கத்தின் உள்ளே இருப்பதை மூத்த பிள்ளை அறியும், இளைய பிள்ளை அறியாது. அந்த மூத்த பிள்ளைக்கும் வயதாகிறது என்பதை நாம் நினைப்பதில்லை. அடுத்த வீட்டு அம்மையாருக்கு எமது தாயார் ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டிற்கும் வாழ்த்து அட்டை அனுப்பி வந்தார் என்பதையும், 1990ஆம் ஆண்டில் தபாலும் தடைப்பட்டபோது அது நின்றது என்பதையும் அன்றிரவே அறிந்தோம். அவர் பெயர் இப்போது எமக்குத் தெரியும். அதனை இங்கே எழுதாமல் எம்மிடமே வைத்துக்கொள்கிறோம்.

ஞாயிறு காலை மட்டக்குளி பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். வெள்ளவத்தை கொழும்பின் தென்கோடித் தமிழூர் என்றால், கொட்டாஞ்சேனை அதன் வடகோடி. முன்னது உத்தியோகத்தரின் இடம். பின்னது துறைமுகத்தையும் வியாபாரத்தையும் நம்பி வளர்ந்த பழைய இடம். விவேகானந்த மேடும், சைவப் பிள்ளைகள் சமயபாடப் பரீட்சையின் மூலம் அறிந்த, 1902ஆம் ஆண்டில் தொடங்கிய விவேகானந்த சபையும் இங்கேதான் உள்ளன. கோயிலும் தேவாலயமும் விகாரையும் பள்ளிவாசலும் ஒன்றன் நிழல் மற்றொன்றில் விழும்படி நெருங்கியிருக்கும் பகுதி இது. 1757ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயத்தையும் அருகிலேயே காணலாம்.

பொன்னம்பலவாணேசர் கோயிலைக் காணாதவர் கொழும்பைக் கண்டவராகார் என்பது எமது கருத்து. பொன்னம்பல முதலியார் அமைத்த கோயிலை அவர் மகனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907ஆம் ஆண்டுக்கும் 1912ஆம் ஆண்டுக்கும் இடையில் முழுவதும் கருங்கல்லாலே புதுக்கினார். வெளியே சித்திரை வெயில் கொதிக்கும்போதும் உள்ளே தூண்களின் நடுவே குளிர்ச்சி தங்கியிருக்கும். வர்ணம் பூசிய பொம்மைகள் கண்ணைக் கூச வைக்கும் இக்காலத்திலே, கல்லைக் கல்லாகவே விட்டுவைத்த அந்தப் பெருமகனாரின் ரசனையைப் போற்றாதிருக்க முடியவில்லை.

அங்கிருந்து சிறிது தூரத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம். சைவர், பௌத்தர் என்ற பேதமின்றி எல்லோரும் நேர்த்தி வைக்கும் தலம். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறு பூசையிலே குண்டு வெடித்தது. அதே காலையில் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் வெடித்தது. குழந்தைகள் பலர் மாண்டனர். அவ்வோசையைக் கேட்கும் தூரத்திலேயே தமக்கையாரின் வீடு இருக்கிறது. அவர் ஒன்றும் பேசாமல் மெழுகுதிரி வாங்கி ஏற்றினார். இதே கொட்டாஞ்சேனையிலே 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்கும் கலகம் மூண்டது என்பதைச் சரித்திரம் படித்தோர் அறிவர்.

பின்பு எமது முறை வந்தது. குறுக்குத் தெரு ஒன்றில், கீழே கடையும் மேலே அறைகளுமாக இருந்த பழைய விடுதிக்கு முன்னே தமக்கையாரை நிறுத்தி, மேல்மாடி மூன்றாவது யன்னலைக் காட்டினோம். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது, பட்டம் பெற்று வேலை தேடிவந்த நாம் ஊர் திரும்ப வழியின்றி அங்கே மாதக்கணக்கில் கிடந்தோம். ஓர் அறையில் அறுவர். பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே உறங்குவோம். 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி விடியுமுன் கொழும்பின் விடுதிகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு வெளியேற்றத்தை நிறுத்தியது. எமது விடுதிக்கு அன்று எவரும் வரவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து விடியும்வரை பஸ்ஸின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"நீ கொழும்பிலை நிக்கிறாய் எண்டு மாத்திரம்தான் எங்களுக்குத் தெரியும்," என்றார் தமக்கையார். அக்காலத்திலே கிழக்கும் எரிந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் மூன்று நிமிடம் கிடைத்தால், உயிரோடு இருக்கிறோம் என்று சொல்வதற்கே போதுமானதாயிருந்தது. அவர் அந்த யன்னலையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு அறுவர் எவ்வாறு படுத்தோம், யார் சமைத்தது, மழைக்கு ஒழுகியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கதவோரம் படுத்தது நாம் என்றறிந்ததும், "கதவோரத்திலை ஏன் படுத்தனி?" என்று பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட குற்றத்துக்காக எம்மை அதட்டினார்.

இத்தகைய பயணம் செய்ய விரும்பும் வாசகர்க்குச் சில குறிப்புகள். நீண்ட விடுமுறை சேரும் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். புகையிரத ஆசனம் கிடைப்பது அரிது. ஆடிவேல் விழாக் காலத்தில் செட்டியார் தெருவும் காலி வீதியும் நிறைந்திருக்கும். விழாவைப் பார்க்க அது நல்ல காலம், பேசுவதற்கு அல்ல. இருவரில் ஒருவருக்கு முழங்கால் நோ இருப்பின் கொட்டாஞ்சேனை மேடுகளுக்கு முச்சக்கரவண்டியே நல்லது. முக்கியமாக, ஓர் இரவாவது தங்குங்கள். பகலில் மாத்திரம் போய்த் திரும்பினால் கோயிலும் கடலும் கிடைக்கும், மற்றது கிடையாது.

செட்டியார் தெருவால் திரும்பினோம். நகைக்கடை யன்னல்களைத் தமக்கையார் தலை நிமிராமற் கடந்தது வியத்தற்குரியது. மாலையில் அவரைக் கோட்டையில் மட்டக்களப்பு வண்டியில் ஏற்றிவிட்டு, வெள்ளவத்தைக்கு வந்து காலி வீதியோரம் யாழ்ப்பாண இரவு பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். அடுத்த பயணம் எங்கே என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. தமக்கையார் திருகோணமலை என்கிறார். நாம் கண்டி என்கிறோம். இதன் பொருட்டு வாரத்திற்கு இருமுறை தொலைபேசியில் வாதம் நடைபெற்று வருகிறது.